காரணம் என்கிற கட்டம்

போன மாதம் என்னை ஒரு மேடையில் ஏற்றி உட்கார வைத்தார்கள். பின்னலாடைக் கம்பெனிகளில் தரம் பார்க்கும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி வகுப்பு. "கம்ப்யூட்டருக்கே துணி பார்க்கக் கற்றுக்கொடுத்தவர், நசீமா மேடம்" என்று ஒரு பெண் மைக்கில் சொன்னாள். எல்லோரும் கை தட்டினார்கள். ஒரு சால்வையைப் போர்த்தினார்கள். அதன் ஓரத்தில் மூன்று இழை விட்டுப்போயிருந்தது. பழக்க தோஷம், அதைத்தான் முதலில் பார்த்தேன்.

பேச ஐந்து நிமிடம் கொடுத்திருந்தார்கள். மேடையில் இருந்தவர்களுக்கெல்லாம் நன்றி சொல்லவே நாலு நிமிடம் ஆகிவிட்டது. மிச்சம் இருந்த ஒரு நிமிடத்தில், "கவனமாகப் பாருங்கள், பார்த்ததை மட்டும் எழுதுங்கள்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். இரண்டாவதைச் சொல்லும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. தண்ணீர் குடித்து மறைத்தேன். சாப்பாட்டு வேளையில் அந்தப் பிள்ளைகள் என்னைச் சுற்றி நின்றுகொண்டு, "கம்ப்யூட்டருக்கு எப்படி மேடம் கத்துக்கொடுத்தீங்க?" என்று விடாமல் கேட்டார்கள். பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தப்பித்தேன். எழுதிவிட்டேன். படித்த பிறகு சால்வையைத் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடுகிறேன்.

என் கதையில் ஆரம்பப் பகுதி மிகவும் சின்னது. பத்தாவது முடித்தேன், பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டினேன். கல்யாணம் ஆயிற்று, பிசிறு வெட்டினேன். இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள், மறுபடியும் பிசிறு வெட்டினேன். ஒரு நாள் வெட்டிக்கொண்டிருந்த துணிக்குள் உடைந்த ஊசி முனை ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்தேன். எனக்குக் கண் கூர்மை என்று பேர் வந்துவிட்டது. அந்தப் பேரை வைத்துக்கொண்டு அவிநாசிப் பக்கம் ஒரு நிட்டிங் கம்பெனியில் துணி செக்கிங்கில் சேர்ந்தேன். அங்கே பதினெட்டு வருடம் இருந்து போன வருடம் ஓய்வு பெற்றேன்.

வேலை என்னவென்றால், இரவும் பகலும் மெஷின்கள் வட்டமாகச் சுற்றிப் பின்னிய துணி உருளை உருளையாக வரும். ரோல் என்போம். ஒரு ரோலைத் தூக்கி செக்கிங் மெஷினில் மாட்டினால், சாய்த்து வைத்த கண்ணாடிப் பலகை மேல் துணி ஏறி மெல்ல நகரும். கண்ணாடிக்குக் கீழே ட்யூப்லைட் எரியும். ஓட்டை இருந்தால் வெளிச்சம் பொத்துக்கொண்டு வரும். ஊசி கெட்டிருந்தால் நெடுக ஒரு கோடு ஓடும். எண்ணெய் பட்ட இடம் கறுப்பாகத் தெரியும். கண்ணி நழுவிய இடம் ஏணி மாதிரி இறங்கும். காற்றில் பறக்கிற பஞ்சு துணியோடு சேர்ந்து பின்னிக்கொண்டால் அந்த இடம் தடித்திருக்கும், அந்தக் குறைக்குப் பேரே பஞ்சுதான். குறை கண்ணில் பட்டதும் காலால் கட்டையை மிதித்தால் துணி நிற்கும். அந்த இடத்தில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு, எத்தனையாவது மீட்டர் என்று பார்த்து ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். நாலாவது மீட்டரில் பஞ்சு, ஆறாவதில் பஞ்சு, ஒன்பதாவதில் ஓட்டை. இப்படியே சாயங்காலம் வரைக்கும்.

ரெஜிஸ்டரில் ரோல் நம்பர், மெஷின் நம்பர், ஷிப்ட், ஆபரேட்டர் பேர், மீட்டர், குறை என்று வரிசையாகக் கட்டங்கள். இதுவரைக்கும் என் கண்ணால் பார்த்தது, யார் கேட்டாலும் பதில் சொல்வேன். கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'காரணம்'. வில்லங்கம் அங்கேதான். ஓர் ஓட்டை நூல் மெலிந்ததால் விழுந்திருக்கலாம், ஊசி வளைந்ததால் விழுந்திருக்கலாம், மெஷின் இறுக்கம் கூடியதால் விழுந்திருக்கலாம், ஆபரேட்டர் அறுந்த நூலைப் பெரிய முடிச்சாகப் போட்டதாலும் விழுந்திருக்கலாம். எதனால் விழுந்தாலும் ஓட்டை ஓட்டை மாதிரியேதான் இருக்கும். பாதி நேரம் எனக்குக் காரணம் தெரியாது.

இந்த இடத்தில் எங்கள் மேனேஜர் சுந்தரமூர்த்தி சாரைச் சொல்லியாக வேண்டும். அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. எரிச்சல் கூடக் கூட அவர் பேச்சில் 'ங்க' கூடும், அதை வைத்துத்தான் நாங்கள் தட்பவெப்பம் தெரிந்துகொள்வோம். சரியாகப் பத்தரைக்கு வருவார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. ரெஜிஸ்டரைத் திறந்து, ஆள்காட்டி விரலைக் காரணக் கட்டத்தின் மேல் வைத்து, மேலிருந்து கீழே ஒரே கோடாக இறக்குவார். மற்ற கட்டங்களை அவர் பார்த்து நான் கண்டதில்லை. எங்காவது காலியாக ஒரு கட்டம் வந்துவிட்டால் விரல் அங்கே நின்றுவிடும்.

"ஏனுங்க நசீமாம்மா, இது காலியா இருக்குதுங்களே."

"காரணம் தெரியலீங்க சார்."

"தெரியலைங்கறது ஒரு காரணமுங்களா?"

"இல்லீங்க."

"அப்ப இருக்கறதுல ஒண்ணைப் போடுங்க. அவசரமே இல்லீங்க. நான் நிக்கறனுங்க."

நிற்பார். விரலும் நிற்கும். பின்னால் மெஷின்கள் சுற்றிக்கொண்டிருக்கும், நான் வேர்த்துக்கொண்டு நிற்பேன்.

இருக்கிறதில் ஒன்று என்றால் மொத்தம் நாலு: நூல், ஊசி, மெஷின், ஆபரேட்டர். நூல் என்று எழுதினால் நூல் வாங்கும் செக்‌ஷனிலிருந்து ஆள் வந்துவிடுவார், நூல் சுற்றிய கோனைத் தூக்கி என் மேஜையில் வைத்து மெலிந்த இடத்தைக் காட்டச் சொல்வார். ஊசி என்று எழுதினால் மெக்கானிக் அந்த ஊசியையே கழற்றிக்கொண்டு வந்து, "எங்க வளைஞ்சிருக்குன்னு காட்டுங்க பார்ப்போம்" என்பார். மெஷின் என்றாலும் அவரேதான் வருவார், இன்னும் கோபமாக. பகல் ஆபரேட்டர் பழனிசாமி பேரில் எழுதலாம் என்றால், அவர் பத்தடி தூரத்தில்தான் நிற்கிறார். நான் பேனாவைத் திறக்கும் சத்தம் கேட்டாலே, "அக்கா, என்னுங்க எழுதறீங்க?" என்று வந்து தலைமாட்டில் நின்றுகொள்வார்.

இரவு ஷிப்ட் ஆபரேட்டர்கள் காலை எட்டு மணிக்குப் போய்விடுவார்கள். நான் எட்டரைக்கு வருவேன். அவர்கள் பின்னிய ரோல்கள் மட்டும் எனக்காகக் காத்திருக்கும். ரோல் என்னோடு சண்டைக்கு வராது.

முதல் தடவை ஓர் இரவு ரோலுக்குக் காரணம் தெரியாமல் 'ஆபரேட்டர்' என்று எழுதியபோது மனது கொஞ்சம் உறுத்தியது. பத்தரைக்கு மேனேஜரின் விரல் அந்த இடத்தில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போனதும் உறுத்தலும் போய்விட்டது. ஒரு வருடத்துக்குள் அது கைப்பழக்கம் ஆகிவிட்டது. இரவு ரோல், புரியாத குறை என்றால் கை தன்னால் 'ஆ' என்று போட்டுவிடும். முழுச் சொல்லைக்கூட எழுதுவதில்லை. இதனால் யாருக்கு என்ன கெடுதல் என்று நினைத்தேன். வருடக் கடைசியில் ரெஜிஸ்டர் பீரோவுக்குள் போகும், அதன் பிறகு கரையான் தவிர யாரும் அதைத் தொட்டதில்லை.

எனக்கு ஓய்வுக்கு ஒரு வருடம் இருக்கும்போது எங்கள் துணியை வாங்கும் வெளிநாட்டு பையர் ஒருவர் கம்பெனியைச் சுற்றிப் பார்க்க வந்தார். பீரோவைத் திறந்து காட்டியபோது, "இத்தனை டேட்டாவை வைத்துக்கொண்டு என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டாராம். பத்திரமாக வைத்திருக்கிறோம் என்று மேனேஜர் சொன்னது அவருக்குத் திருப்தி தரவில்லை போலிருக்கிறது. அடுத்த மாதமே கோயம்புத்தூரிலிருந்து ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி வந்து இறங்கியது. இறங்கியது என்றால் ஒரே ஓர் ஆள், வித்யா.

வித்யாவுக்குச் சொந்த ஊர் கணியூர். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். பாக்டீரியாவின் மரபணுவை எழுத்து எழுத்தாகப் படித்து, எது எந்த இனம் என்று வகை பிரிக்கிற படிப்பில் டாக்டர் பட்டம் வாங்கியவள். நாட்டில் பாக்டீரியாவுக்குப் பஞ்சமில்லை, அதைப் படித்தவர்களுக்கு வேலைதான் இல்லை. அதனால் பனியன் ஓட்டைக்கு வந்து சேர்ந்திருந்தாள்.

"ரெண்டும் ஒண்ணுதானுங்க அக்கா" என்றாள். "மரபணுவுல நாலே எழுத்துங்க, அது எந்த வரிசையில வருதுங்கறதுதான் விஷயம். உங்க ரெஜிஸ்டர்ல அஞ்சு எழுத்து. பஞ்சுக்கு ப, ஓட்டைக்கு ஓ, எண்ணெய்க்கு எ, ஊசிக்கோட்டுக்கு ஊ, கண்ணி விட்டதுக்கு க. ஒரு ரோலை முதல் மீட்டர்ல இருந்து படிச்சா அது ஒரு வரிசைங்க."

"படிச்சு?"

"எந்த வரிசைக்கு நீங்க என்ன காரணம் எழுதினீங்கன்னு ஆயிரக்கணக்குல காமிப்போமுங்க. ஷிப்ட், மெஷின் நம்பர் எல்லாமும் சேர்த்துக் குடுப்போம். அப்புறம் புது ரோல் வந்தா காரணத்தை அதுவே சொல்லிரும்."

எனக்கு அப்போதே என் 'ஆ'க்கள் நினைவுக்கு வந்துவிட்டன. வாயைத் திறக்கவில்லை.

கரையான் தின்றது போக மிச்சம் இருந்த பதினேழு வருட ரெஜிஸ்டரையும் நாலு பெண்கள் உட்கார்ந்து டைப் அடித்தார்கள். அதற்குப் பிறகு கம்ப்யூட்டருக்குப் பரீட்சை வைத்தார்கள். அது பார்க்காத ரெஜிஸ்டர் ஒன்றை எடுத்து, காரணக் கட்டத்தை மட்டும் மறைத்துவிட்டு, காரணம் சொல்லச் சொன்னார்கள். சொன்னதை நான் எழுதியதோடு ஒப்பிட்டார்கள். அநேகமாக எல்லாம் ஒத்துப்போயிற்று. வித்யாவே இவ்வளவு எதிர்பார்க்கவில்லை என்றாள். பாடப்புத்தகமும் நான் எழுதியது, விடைத்தாளும் நான் எழுதியது. இதில் ஃபெயில் ஆகியிருந்தால்தான் அது முட்டாள்.

மேனேஜர் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். அவருக்குச் சந்தோஷம் மதிப்பெண்ணில் இல்லை. "பாத்தீங்களா நசீமாம்மா, ஒரு தடவகூட தெரியலைன்னு சொல்லலீங்க" என்றார். நானும் லட்டை வாங்கித் தின்றேன். உண்மையைச் சொல்லியிருக்கலாம். இத்தனை வருடம் கழித்து ஏன் கெட்ட பேர் என்று பயம். அதோடு, ஒரு கம்ப்யூட்டர் என்னைப் பார்த்து எழுதுகிறது என்பதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

முதல் மாத ரிப்போர்ட் வந்தது. ஆபரேட்டர் தவறால் வந்த குறைகளில் முதல் இடம் பிபின் என்றிருந்தது. ஒடிசாக்காரர், எங்கள் கம்பெனியில் ஏழு வருடமாக இருக்கிறார். இரவு ஆட்களில் மற்றவர்களுக்கு ஷிப்ட் மாறி மாறி வரும், பிபினுக்கு எப்போதும் இரவுதான். அவரே கேட்டு வாங்கியது. அவர் மனைவி மினதி எங்கள் கம்பெனியிலேயே பகலில் பிசிறு வெட்டுகிறாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள எந்நேரமும் ஒருவர் அறையில் இருக்க வேண்டும் என்று இந்த ஏற்பாடு. ஏழு வருடம் இரவிலேயே இருந்தால் இரவு ரோல்களில் யார் பேர் அதிகம் இருக்கும்? அந்தப் பேருக்குப் பக்கத்தில்தான் என் 'ஆ'க்கள் எல்லாம் வரிசையாக நின்றன.

அந்த மாதக் கடைசியோடு பிபினை நிறுத்திவிடுவது என்று முடிவாயிற்று. மேனேஜர் அதை எங்களிடம் சொன்ன விதத்தைக் கேட்க வேண்டும். "அவர் மேல எனக்கு எந்தக் கோபமும் இல்லீங்க. நல்ல மனுசருங்க. நான் சொல்லலீங்க, கம்ப்யூட்டர் சொல்லுதுங்க." மூன்று வாக்கியத்தில் நாலு 'ங்க'.

அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன். மினதி வந்து எதிரில் நின்றாள். அவள் தமிழ் இங்கே வந்து பழகிய தமிழ், ஆனால் தட்டுத் தடுமாறாது.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். கம்ப்யூட்டர் ஆபீஸ் ரூம்ல இருக்குது. சாயங்காலம் பூட்டிட்டுப் போயிடறாங்க. ராத்திரி அவர் தப்பு பண்றது அதுக்கு எப்படித் தெரிஞ்சது?"

எனக்குக் கையில் சோறு அப்படியே நின்றது.

"யாராவது சொல்லித்தானே அக்கா அது சொல்லும்? யார் சொன்னாங்கன்னு தெரிஞ்சா, அவங்க கால்ல விழுந்து கேப்பேன். பொண்ணு இங்க ரெண்டாவது படிக்குது. ரூமு கம்பெனி ரூமு. வேலை போச்சுன்னா ரூமும் போச்சு."

டாக்டர் பட்டம் வாங்கிய வித்யாவுக்கும், நிர்வாகம் படித்த மேனேஜருக்கும், பதினேழு வருடம் துணி பார்த்த எனக்கும் தோன்றாத கேள்வி அது. இல்லை, எனக்குத் தோன்றியது, நான்தான் லட்டோடு சேர்த்து விழுங்கியிருந்தேன். "பார்க்கலாம் கண்ணு, நீ சாப்பிடு" என்றேன். அவள் போன பிறகு டப்பாவை மூடி வைத்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. காலில் விழுவதற்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறாள், அந்த ஆளின் எதிரிலேயே நின்றுகொண்டு.

மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது. நேராக வித்யாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். விரலைச் சொன்னேன், பழனிசாமியைச் சொன்னேன், எட்டு மணியையும் எட்டரையையும் சொன்னேன். 

"அப்ப மூணு மாசமா நான் கட்டினது காரணம் கண்டுபிடிக்கற மெஷின் இல்லீங்களா அக்கா?"

"இல்ல கண்ணு. யாரு பக்கத்துல இல்லையோ அவங்களைக் கண்டுபிடிக்கற மெஷின்."

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "எங்க படிப்புல பேர் தெரியாத பாக்டீரியா வந்தா உடனே பேர் வைக்க மாட்டோமுங்க" என்றாள். "அது எதோட பக்கத்துல போய் உக்காருதுன்னு மொதல்ல பாப்போம். நீங்க எழுதின காரணத்தை எடுத்துரலாம். ஷிப்டு, ஆள் பேரு, மெஷினு எதுவும் குடுக்க வேண்டாம். குறை வரிசையை மட்டும் குடுப்போம். எது எதோட ஒத்துப்போகுதுன்னு அதுவே பிரிக்கட்டும்."

எப்படி ஒத்துப்பார்க்கும் என்று கேட்டேன். கட்டம் போட்ட நோட்டில் இரண்டு ரோல்களை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிக் காட்டினாள்.

ப ப ஓ எ ப ப ஓ

ப ப ஓ – ப ப ஓ

மேலே உள்ளதில் ஓர் எண்ணெய்க்கறை அதிகம். அதற்கு நேராகக் கீழே ஒரு கட்டத்தைக் காலியாக விட்டால் மற்ற எல்லாம் சரியாகப் பொருந்திவிடுகின்றன. எத்தனை பொருந்துகிறதோ அத்தனை நெருங்கிய சொந்தம். ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்க்கிற மாதிரி, ஒவ்வொரு ரோலுக்கும் மற்ற எல்லா ரோலோடும் பொருத்தம் பார்த்து, நெருங்கியவற்றை ஒரே கிளையில் போட்டு ஒரு மரம் வரைந்துவிடும். இது எனக்குப் பிடித்துப்போயிற்று. காலிக் கட்டம் விடத் தெரியாதவருக்கு இந்தப் படிப்பே வராது என்று தோன்றியது. மேனேஜரிடம் சொல்ல முடியுமா?

மறுநாள் மரம் வந்தது. பெரிய தாளில் அச்சடித்து என் செக்கிங் மேஜை மேலேயே விரித்தாள். பெரும்பாலும் சின்னச் சின்னக் கிளைகள். ஒரே ஒரு கிளை மட்டும் காய்த்துத் தொங்கியது. அதில் இருந்த ரோல்கள் எல்லாம் ஒரே பாட்டைத்தான் பாடின: பஞ்சு, பஞ்சு, ஓட்டை. பஞ்சு, பஞ்சு, ஓட்டை. அந்தக் கிளைக்கு மட்டும் ஷிப்டையும் பேரையும் மறுபடி சேர்த்துப் பார்த்தாள். அநேகமாக எல்லாம் இரவு ரோல்கள். ஆனால் மெஷின் ஒன்றில்லை, பல மெஷின்கள். ஆபரேட்டரும் ஒருவரில்லை. பிபின் ஒரு மாதம் லீவில் ஊருக்குப் போயிருந்தபோது மற்றவர்கள் பின்னிய ரோல்களும் அதே கிளையில் உட்கார்ந்திருந்தன.

"நாலே நாலு பகல் ரோல் இருக்குதுங்க அக்கா. நாலும் ஒரே நாள். இதுங்க எதுக்கு இங்க வந்து உக்காந்துச்சு?"

அந்த வருட ரெஜிஸ்டரைத் தேடி எடுத்தேன். என் கையெழுத்துதான். காரணம் 'மெஷின்' என்று எழுதி, பக்கத்தில் சின்னதாக, 'ஃபேன் ரிப்பேர், பழனிசாமி சொன்னது' என்று இருந்தது. நினைவு வந்துவிட்டது. மெஷின்களின் தலைக்கு மேலே சுற்றி, பறக்கிற பஞ்சை ஊசிகளிடம் அண்டவிடாமல் ஊதித் தள்ளுகிற ஃபேன்கள் அன்றைக்கு முழுக்க ஓடவில்லை. வயரிங் போய்விட்டது. ஊசியில் பஞ்சு அடைத்து அடைத்து ஓட்டை விழுந்துகொண்டே இருந்தது. நான் 'ஆ' போடப்போனபோது பழனிசாமி விடவில்லை. "ஏனுங்க அக்கா, தலைக்கு மேல பாத்துட்டு எழுதுங்க" என்று சத்தம் போட்டார்.

நானும் வித்யாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"ராத்திரி ஃபேன் ஓடுதுங்களா அக்கா?"

எனக்குத் தெரியாது. அத்தனை வருடம் இரவு ரோல்களுக்குக் காரணம் எழுதியிருக்கிறேன், இரவில் ஃபேன் ஓடுகிறதா என்று யாரையும் கேட்டதில்லை. மினதியைக் கூப்பிட்டோம். அவள் போன் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்த பிபினை எழுப்பி, ஸ்பீக்கரில் வைத்தாள். "ஃபேன் ராத்திரி இல்ல அக்கா. நோட்டீஸ் இருக்கு" என்று குரல் வந்தது. அவருக்கு நாங்கள் இதைக் கேட்டதே ஆச்சரியம். கம்பெனியில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்று நினைத்திருக்கிறார்.

ஸ்விட்ச் போர்டுப் பெட்டியின் கதவைத் திறந்தால், உள்பக்கம் லேமினேஷன் செய்த நோட்டீஸ். இரவு ஷிப்டில் இயக்கக் கூடாத மின்சாதனங்களின் பட்டியல். மூன்றாவது வரியில் மெஷின் ஃபேன். அடியில், 'காரணம்: சிக்கனம்'. அதற்கும் கீழே சுந்தரமூர்த்தி சாரின் அழகான கையெழுத்து. அந்தக் கட்டத்தை மட்டும் அவர் காலியாக விடுவாரா? போட்டு ஆறு வருடம் ஆகியிருந்தது. கிளையில் இருந்த இரவு ரோல்கள் எல்லாம் அந்தத் தேதிக்குப் பிந்தியவை. காலை எட்டு மணிக்குப் பகல் ஷிப்ட் வந்ததும் ஃபேனைப் போட்டுவிடுவார்கள். எட்டரைக்கு நான் வரும்போது எல்லாம் ஜோராகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

முதலாளியின் அறையில் கூட்டம் நடந்தது. வித்யா மரத்தைச் சுவரில் ஒட்டிவைத்து விளக்கினாள், போனில் எடுத்த நோட்டீஸின் படத்தையும் காட்டினாள். முதலாளி இரண்டையும் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அப்ப இத்தனை வருஷமா ஆபரேட்டருன்னு எழுதினது எப்படீங்க?"

 ஓய்வு பெறும் வருடத்தில் இப்படி ஒரு பேரோடு போக வேண்டுமா என்று ஒரு பக்கம் மனது அடித்துக்கொண்டது. மினதி என் எதிரில் நின்ற நிற்பு இன்னொரு பக்கம்.

"தெரியாம எழுதினதுங்க சார். கட்டம் காலியா இருக்கக் கூடாதுன்னு எழுதினது. ராத்திரி ஆளுங்க இங்க நின்னு சண்டை போட மாட்டாங்க, அதனால அவங்க பேர்ல எழுதினது. பிபின் மேல ஒரு தப்பும் இல்லீங்க. அவரை நிறுத்தறதா இருந்தா, அதுக்கு முன்னால என்னை நிறுத்துங்க."

 மேனேஜரின் ஆள்காட்டி விரல் மேஜை மேல் எதையும் காட்டாமல் கிடந்தது. கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"இருந்தாலும், ஃபேனை அணைச்சது ஆபரேட்டருங்கதானுங்களே சார். அப்படிப் பாத்தா கம்ப்யூட்டர் சொன்னதும் சரிதானுங்களே."

முதலாளி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

பிபினுக்கு வேலை நிலைத்தது. என்னையும் நிறுத்தவில்லை, அந்த வருட விழாவில் சிறந்த ஊழியர் பட்டியலிலிருந்து மட்டும் பேரை எடுத்துவிட்டார்கள். ஸ்விட்ச் போர்டில் பழைய நோட்டீஸ் இருந்த இடத்தில் புதிது வந்தது: இரவு ஷிப்டில் மெஷின் ஃபேன்களை அணைக்கும் ஆபரேட்டர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படும். அதே லேமினேஷன், அதே கையெழுத்து. நான் கேட்டபடி ரெஜிஸ்டரில் ஐந்தாவதாகத் 'தெரியவில்லை' என்பதையும் சேர்க்கச் சம்மதித்தார்கள். ஆனால் மேனேஜர் அதற்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போடச் செய்தார். தலைப்பு: 'தெரியாததற்குக் காரணம்'.

இன்னொன்றும் கேட்டு வாங்கினேன். நான் அரை மணி முன்னதாக எட்டு மணிக்கே வருவேன், இரவு ஆபரேட்டர் அரை மணி இருந்து தன் ரோலை என்னோடு நின்று பார்த்துவிட்டுப் போக வேண்டும். கம்ப்யூட்டருக்கு இனிமேல் அந்தப் பக்கங்களை மட்டும் காட்டுவதாக வித்யா சொல்லியிருந்தாள்.

முதல் நாள் பிபின் வந்து நின்றார். ஏழு வருடம் ஒரே கட்டடத்தில் வேலை செய்திருக்கிறோம், அவர் முகத்தை அன்றுதான் சரியாகப் பார்த்தேன். கண்ணெல்லாம் சிவந்து, தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. மினதி எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள். நான் ரோலை மாட்டிக்கொண்டிருக்கும்போதே கேட்டுவிட்டார்.

"அக்கா, நீங்க என்னை வேலைல பார்த்ததே இல்ல. என் பேர் எப்படி எழுதினீங்க?"

"பார்க்காததாலதான் தம்பி எழுதினேன்" என்றேன். "தப்புதான். மன்னிச்சுக்கோங்க."

 அவர் துணியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். இருவருமாகப் பார்த்துக்கொண்டு வந்தோம். இரவு ஃபேன் ஓடியிருக்கிறது, துணி அத்தனை சுத்தம். இருபது மீட்டர் போயிற்று, முப்பது போயிற்று. நாற்பத்தோராவது மீட்டரில் வெளிச்சம் பொத்துக்கொண்டு வந்தது. கட்டையை மிதித்து நிறுத்தினேன். சின்ன ஓட்டைதான். சுற்றிப் பஞ்சு இல்லை, கோடு இல்லை, எதனால் என்று எனக்குப் புரியவில்லை. நெஞ்சுக்குள் ஒரு குதூகலம், பதினேழு வருடம் காத்திருந்த சொல்லை எழுதப்போகிறேன். பேனாவைத் திறந்து 'தெ' என்று ஆரம்பித்துவிட்டேன்.

"இருங்க அக்கா."

பிபின் குனிந்து ஓட்டையின் ஓரத்தை விரல் நுனியால் தடவினார். கண்ணாடிக்கு இன்னும் கிட்டத்தில் போய்ப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் ஓர் அசட்டுச் சிரிப்பு.

"இது நான்தான் அக்கா. நூல் அறுந்துச்சு. முடிச்சு பெருசா போட்டுட்டேன். ஊசில மாட்டிடுச்சு."

நான் துணியைப் பார்த்தேன், ரெஜிஸ்டரைப் பார்த்தேன். எதற்கும் கூசாமல் அந்தக் கட்டத்தை நிரப்பிய கை அன்றைக்கு எழுத மறுத்தது. கண் கலங்கிவிட்டது, ட்யூப்லைட் வெளிச்சத்தில் அவருக்குத் தெரிந்திருக்கும்.

"ஆபரேட்டருன்னு எழுதுங்க அக்கா" என்றார். "சீக்கிரம் எழுதுங்க. தூக்கம் வருது."

'தெ'யை அடித்துவிட்டு, முழுச் சொல்லாக எழுதினேன். அவர் கொட்டாவி விட்டுக்கொண்டே பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.